ஒன்றரைத் தீப்பெட்டிக் காற்று

பெட்ரோல் பங்கில் திடீரென்று வெடிச் சத்தம் கேட்டால் முதலில் என்ன செய்வீர்கள்?

நான் குனிந்தேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் டீயோடு குனிந்தார். பங்க் முதலாளி காதர் பாய் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தே விட்டார். பட்டாசும் தீப்பெட்டியும் செய்கிற பூமியில் பிறந்தவர்கள் நாங்கள். சத்தம் புதிதில்லை. ஆனால் சத்தம் கேட்கக் கூடாத இடம் என்று ஒன்று இருக்கிறதே...

வெடித்தது ஒரு சைக்கிள் டயர். என்னோடு வேலை பார்க்கும் செல்வராணியின் பின் டயர். கையில் காற்றுக் குழாயைப் பிடித்தபடி அவள் அப்படியே நின்றாள். காற்றுப் பிடிக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்ளும் முருகேசன் காதைக் குடைந்துகொண்டே வந்தார். யாருக்கும் அடியில்லை.

பாய் எழுந்து வந்தார். சட்டைப் பையிலிருந்து நழுவிய செல்போனைத் துடைத்து மறுபடி வைத்துக்கொண்டார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இது ரெண்டாவது தடவ. ஏலே முருகேசா, அந்தக் குழாய்ப் பெட்டிக்கு ஒரு பூட்டுப் போடு. லாரிக்கு, பைக்குக்குத் திற. இனி சைக்கிளுக்குக் காத்து கெடையாது."

அன்று மாலையே சிலேட்டு அளவு பலகையில் அதை எழுதியும் மாட்டிவிட்டார்கள்.

வழக்கமாக இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குத் தெரியும் — நான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையில் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவள். மெக்கானிக்கல் டிப்ளமா. செல்வராணி அங்கே கட்டை அடுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். பசுவந்தனைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து அவளோடு சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள் தினமும் சைக்கிளில் வருகிறார்கள். ஒன்பது கிலோமீட்டர். மினி பஸ் உண்டு. அது எட்டரைக்குத்தான் அந்த ஊருக்கே வரும். எங்கள் கேட் எட்டு மணிக்கு மூடிவிடும்.

பங்க் இருப்பது ஆறாவது கிலோமீட்டரில். அதற்கு முன்னால் ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். எதிரே பஸ் வந்தால் ஓரத்துக்கு இறங்கியே ஆக வேண்டும். இறங்கினால் முள். முள்ளைப் பிடுங்கினால் காற்று உடனே போய்விடும். பிடுங்காமல் விட்டால் மெல்ல மெல்லக் கசியும். ஆகவே முள்ளை அப்படியே விட்டுவிட்டு, பங்க் வரை வந்து, காற்றைப் பிடித்துக்கொண்டு, மீதி மூன்று கிலோமீட்டரை மிதித்துக் கேட்டுக்குள் நுழைந்துவிடுவது — அவர்கள் பழகி வைத்திருந்த முறை. நல்ல முறை. நானாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன்.

கைப்பம்பு வாங்கக் கூடாதா என்பீர்கள். ஒன்று வைத்திருந்தார்கள். ஒரு டயருக்கு அறுபது எழுபது அடி அடிக்க வேண்டும். பன்னிரண்டு பேருக்கு ஒரு பம்பு என்றால் கேட் காத்திருக்குமா? சைக்கிள் கடையோ ஒன்பதரைக்கு முன்னால் திறப்பதில்லை.

ஒரே மாதத்தில் மூன்று முறை கேட் மூடிய பிறகு வந்தால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். இது எங்கள் மேனேஜர் போட்ட விதி. டயர் வெடித்த அன்று செல்வராணி உருட்டிக்கொண்டு வந்தது ஒரு முறை. புது டயர் போட்ட பிறகு, அடுத்த வாரம் முள் ஏறி, பங்கில் பூட்டைப் பார்த்துவிட்டு நடந்து வந்தது இரண்டாவது. மாதம் முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது.

"வீட்டுக்காரர் மெட்ராஸ்ல கட்டட வேலக்கா. மாசம் அனுப்புதாவ, சில மாசம் அனுப்புததில்ல. இந்த வேல போனா நான் எங்கன போவேன்?" என்றாள். அழவில்லை. என்னிடம் ஏதோ ஒரு பதில் இருக்கும் என்று நம்பி, கேள்வியாகவே கேட்டாள்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. குழப்பம் வந்தால் பட்டியல் போடுவேன். அன்றைக்கும் உற்பத்தி ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். பங்கில் சைக்கிள் டயர் ஏன் வெடிக்கிறது?

ஒன்று, அளவு. லாரி டயர் ஒரு கிணறு. சைக்கிள் டயர் ஒரு செம்பு. கிணற்றை நிரப்புகிற பைப்பைச் செம்புக்குள் விட்டால் எத்தனை விநாடி தாங்கும்? லாரி டயருக்குப் பல நிமிடம் பிடிக்கிற காற்று, சைக்கிளுக்கு நாம் இருமி முடிப்பதற்குள் நிரம்பிவிடும்.

இரண்டு, மீட்டர். பங்கில் கம்பிரசர் தொட்டிமேல் ஒரு மீட்டர் இருக்கிறது. முள் எப்போதும் நூறு பவுண்டுக்குப் பக்கத்தில் நிற்கும். அது தொட்டிக்குள் இருக்கும் காற்றின் அளவு. நம் டயருக்குள் இருப்பது அல்ல. நம் சைக்கிள் வால்வுக்குள் ஒரு சின்ன ரப்பர் குழாய் உண்டு. காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. அதனால் வால்வின் வாயில் மீட்டரை வைத்தாலும் உள்ளே எவ்வளவு என்று அது காட்டாது.

மூன்று, டியூப் ஓரம். டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் கொஞ்சம் மாட்டியிருந்தாலும் காற்று ஏற ஏற அங்கேதான் பிதுங்கும்.

நான்கு என்று போட்டுவிட்டு நிறுத்தினேன். ஏனென்றால் இந்த மூன்றும் எல்லா சைக்கிளுக்கும் பொதுவானவை. அதே பங்கில் பால்காரர் பிடிக்கிறார். பள்ளிக்கூட வாத்தியார் பிடிக்கிறார். அவர்கள் டயர் வெடிக்கவில்லை. இரண்டு முறையும் வெடித்தது எங்கள் கட்டை அடுக்கும் பெண்களின் டயர் மட்டும். அது ஏன்?

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் செல்வராணியின் சைக்கிளைத் தொழிற்சாலைக் கம்பிரசர் அருகே கொண்டுவரச் சொன்னேன். எங்கள் கம்பிரசரில் ரெகுலேட்டர் இருக்கிறது. நாற்பத்தைந்து பவுண்டில் வைத்தால் அதற்கு மேல் ஒரு பொட்டுக் காற்று போகாது. அவள் டயருக்கு அதுதான் சரியான அளவு. (அப்படியானால் தினமும் இங்கேயே பிடிக்கலாமே என்று கேட்காதீர்கள். முள் ஏறுவது வரும் வழியில்.) நாற்பத்தைந்தில் பிடித்து முடித்தேன்.

"அழுத்திப் பாரு செல்வராணி."

கட்டைவிரலால் அழுத்தினாள். "காணாதுக்கா. இன்னும் கொஞ்சம் வேணும்."

நான் அழுத்தினேன். கல்.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேச்சியம்மாளைக் கூப்பிட்டேன். செல்வராணியின் ஊர்தான், அவளுக்கு மதினி முறை. சோற்றுக் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு இடது கட்டைவிரலால் அழுத்திவிட்டு, "இது என்னம்மா, இட்லி மாரி இருக்கு. இன்னும் நாலு அடி அடிங்க" என்றார்.

மூன்றாவது ஆள், நாலாவது ஆள். எல்லோரும் ஒரே தீர்ப்பு — காணாது.

ஆபீஸ் கிளார்க்கைக் கூப்பிட்டேன். பேனா பிடிக்கிற விரல். அழுத்திவிட்டு விரலை உதறினார். "இதுக்கு மேல காத்தா? வெடிக்கும் மேடம்."

பேச்சியம்மாள் அவர் விரலைப் பார்த்துவிட்டு, "இது வெரலா, வெண்டக்காயா" என்றார். கிளார்க் அந்தப் பக்கம் மறுபடி வரவில்லை.

கட்டை அடுக்குதல் என்றால் என்ன என்று வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். தீக்குச்சிகளை மருந்தில் முக்குவதற்கு முன்னால், மரச் சட்டத்தில் உள்ள பள்ளங்களில் ஒவ்வொன்றாக வரிசையாக நிறுத்தி, கட்டைவிரலால் தட்டி அழுத்தி இறுக்க வேண்டும். காலை எட்டிலிருந்து மாலை வரை. வருடக்கணக்காக. அந்த விரலுக்கு எது மெத்தென்று இருக்காது?

ஊரில் எல்லோரும் டயரைக் கட்டைவிரலால்தான் சோதிக்கிறார்கள். மற்றவர்களுக்கு அது சரியாகவே வேலை செய்கிறது. ஆனால் இவர்கள் அழுத்தினால் எண்பதில் நிற்கிற டயரும் உள்ளே போகும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பிடித்துக்கொண்டே போவார்கள். டயர்தான் முதலில் தோற்கும்.

காரணத்தைச் சொன்னபோது செல்வராணி தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப எங்க மேலதான் தப்பாக்கா?"

"தப்பில்ல. உன் விரல் மீட்டருக்கு ஸ்கேல் வேற. அவ்வளவுதான்."

சரி, விரல் வேண்டாம். மீட்டரும் உதவாது. பிறகு எதை வைத்து அளப்பது?

டயரில் காற்று குறைவாக இருந்தால் அது தரையில் நீளமாக உட்காரும். அதிகமாக இருந்தால் கொஞ்சமாக உட்காரும். செல்வராணியைச் சைக்கிளில் ஏறி உட்காரச் சொல்லி, கீழே விழாமல் பேச்சியம்மாளைப் பிடிக்கச் சொன்னேன். தீப்பெட்டி லேபிள் ஒன்றைப் பின் டயருக்கு அடியில் முன்பக்கமிருந்து தள்ளினேன். முட்டி நின்றது. இன்னொன்றைப் பின்பக்கமிருந்து தள்ளினேன். அதுவும் நின்றது. இரண்டு லேபிளுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் டயர் தரையைத் தொடுகிற நீளம். ஸ்கேல் தேடி நான் எழுந்தபோது செல்வராணி சீட்டில் உட்கார்ந்தபடியே குனிந்து பார்த்துச் சொன்னாள் —

"எதுக்குக்கா ஸ்கேலு? ஒன்றரப் பெட்டி."

தீப்பெட்டியை நீளவாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒன்றரைப் பெட்டி. இம்மி பிசகவில்லை.

வீட்டில் பெட்டி ஒட்டியும் இங்கே நிரப்பியும் இத்தனை வருடம் பார்த்த கண்ணுக்கு அந்த நீளம் மனப்பாடமாக இருக்கிறது. ஸ்கேலை நான் மறந்து வீட்டில் வைத்துவிட்டு வரலாம். அவர்கள் மறக்க முடியாது.

ரெகுலேட்டரைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தோம். ஒரு பெட்டிக்கு வந்துவிட்டால் அபாயம். இரண்டைத் தாண்டினால் காற்றுப் போதாது. ஒன்றரை — சரி.

இனி பாய்.

சனிக்கிழமை சாயங்காலம் போனேன். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

"எஞ்சினியரம்மா, ஒங்க மேல எனக்கு மரியாத உண்டு. ஆனா இது பெட்ரோல் விக்கிற எடம். இங்கன வெடிச்சா நான் எங்கன ஓட?"

"இனிமே வெடிக்காது பாய்."

"எழுதித் தருவீயளா?"

"செஞ்சு காட்டுதேன்."

"திங்கக்கெழம காலைல எல்லா சைக்கிளும் வரட்டும். ஆனா பிடிக்கது நீங்க இல்ல. நீங்க பிடிச்சா வெடிக்காதுன்னு எனக்கே தெரியும். அன்னைக்கு வெடிக்க வச்சாள்ல, அந்தப் புள்ள பிடிக்கட்டும். ஒண்ணு வெடிச்சாலும் அன்னையோட சரி. பிறவு நீங்க வந்து கேக்கக் கூடாது."

நியாயம்தான். நான் பாயாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை செல்வராணியின் ஊருக்குப் போய் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, "இவ்வளவு வேண்டாம்க்கா, நான் சொல்லுதேன் கேளுங்க" என்று என் பதினோரு வரியை நாலாகச் சுருக்கினாள். டயரைச் சுத்திப் பாரு, வெடிப்பு இருக்கான்னு. கொஞ்சம் காத்து உள்ள விட்டுட்டு ரெண்டு பக்கமும் டயர் ஒழுங்கா உக்காந்திருக்கான்னு பாரு. பிறவு ஒரு அடி, நிப்பாட்டு. ஒரு அடி, நிப்பாட்டு. ஏறி உக்காந்து பெட்டி பாரு. 'அடி' என்றால் குழாயை வால்வில் வைத்து 'ஒண்ணு' என்று சொல்லி முடிப்பதற்குள் எடுத்துவிடுவது.

திங்கட்கிழமை ஏழு மணிக்குப் பன்னிரண்டு சைக்கிள். பாய் நாற்காலியைப் பத்தடி பின்னால் போட்டுக்கொண்டார். முருகேசன் காதில் பஞ்சு வைத்திருந்தார். செல்வராணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குழாயை எடுத்தாள். குறுக்கே புகுந்துவிடாமல் இருக்க நான் கைகளைக் கட்டிக்கொண்டேன்.

ஒரு அடி. நிறுத்தம். ஒரு அடி. நிறுத்தம். ஏறு. லேபிள். "ஒன்றர. எறங்கு. அடுத்த ஆளு."

நாலாவது சைக்கிளில் டயர் ஒரு பக்கம் மேடாக எழும்பியது. உடனே வால்வைத் திருகிக் காற்றை இறக்கி, டயரைப் பிசைந்து உட்கார வைத்து, மறுபடி பிடித்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. ஏழாவது சைக்கிள் வந்தபோது பாயின் நாற்காலி ஐந்தடி முன்னால் வந்திருந்தது.

பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவது பேச்சியம்மாளுடையது.

செல்வராணி டயரைச் சுற்றிப் பார்த்தாள். பக்கவாட்டில் நீளமாக வெடிப்பு. உள்ளே நூல் தெரிந்தது. குழாயைக் கீழே போட்டாள்.

"மதினி, இதுக்குப் புடிக்க மாட்டேன்."

"ஏட்டி, எல்லாருக்கும் புடிச்சிட்டு எனக்குன்னா மட்டும் சட்டமா?"

"இது போட்டா வெடிக்கும். புது டயர் போட்டுட்டு வாங்க, நானே புடிக்கேன்."

"கொஞ்சமாப் புடி. மூணு கிலோமீட்டர்தான."

"மாட்டேன் மதினி."

"அப்ப நான் பறந்து போகவா?"

மணி ஏழு முப்பத்தாறு. என் மனசு ஓரத்தில் ஒரு குரல் — கொஞ்சம் பிடித்தால் தாங்கினாலும் தாங்கும் — என்று சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். டிப்ளமா படித்தவளின் குரல்தான் அது.

செல்வராணி தன் சைக்கிளைத் திருப்பினாள். "எம் பின்னால ஏறுங்க."

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். "உனக்கு ஏற்கனவே ரெண்டு தடவ லேட்டாயிருக்கு."

"வேண்டாம்க்கா. நான் சொல்லித்தான் அவிய சைக்கிள் நிக்கு. நாந்தான் கொண்டு சேக்கணும்." பிறகு பேச்சியம்மாளைப் பார்த்து, "ஏறி உக்காருங்க, பாப்போம்" என்றவள், என்னிடம் லேபிளைத் தள்ளிப் பார்க்கச் சொன்னாள். இரண்டு பேர் பாரம். இரண்டே கால் பெட்டி. இறங்கி ஒரு அடி. மறுபடி ஏறி அளந்து, இறங்கி இன்னொரு அடி. ஒன்றே முக்கால். "போதும். ரெண்டு பேருக்கு இது சரி."

அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சத்தியமாக.

அவர்கள் புறப்பட்டபோது பாய் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "ஏலே முருகேசா, அந்தப் பூட்ட எடுத்து உள்ள வை" என்றார்.

மூன்று கிலோமீட்டரும் நான் அவர்களுக்குப் பின்னாலேயே மிதித்தேன். மேட்டில் பேச்சியம்மாள் குதித்து இறங்கித் தள்ளினார். இறக்கத்தில் ஓடி ஏறினார். "மிதிட்டி, மிதிட்டி" என்று ஒரு பக்கம் விரட்டு, "எனக்குக் காத்து புடிக்க மாட்டியோ" என்று ஒரு பக்கம் வசவு. வாட்ச்மேன் கேட்டில் கை வைத்திருந்தார். ஏழு ஐம்பத்தேழு.

அந்த மாதம் முடிந்தது. செல்வராணியின் கார்டில் இரண்டோடு நின்றது. பேச்சியம்மாள் புது டயர் போட்டுவிட்டார். போன வாரம் பங்கில் பழைய பலகை இல்லை. அந்த இடத்தில் பெயின்ட்டில் எழுதிய புதுப் பலகை. 'சைக்கிளுக்குக் காற்று உண்டு. காலை 7 முதல் 7.45 வரை. தீப்பெட்டி வேலைக்குப் போகும் பெண்களிடம் கேட்டுப் பிடிக்கவும்.'

அதை மூன்று முறை படித்தேன். நான் பார்க்கும்போது பால்காரரும் பள்ளிக்கூட வாத்தியாரும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். வாத்தியார் பழக்கதோஷத்தில் கட்டைவிரலை டயர் பக்கம் கொண்டுபோனார். "சார், கைய எடுங்க. ஏறி உக்காருங்க" என்றாள் செல்வராணி. அவர் ஏறி உட்கார்ந்தார்.

எவ்வளவோ மெஷின் ஓட்டியிருக்கிறேன். எதுவும் அன்றைக்குப் போல என்னைத் தலை நிமிர வைத்ததில்லை.

என் சைக்கிளிலும் காற்று குறைவாக இருந்தது. வாத்தியாருக்குப் பின்னால் நானும் நின்றேன். செல்வராணி பிடித்தாள், ஏறச் சொன்னாள், லேபிளைத் தள்ளினாள், இறக்கி இன்னொரு அடி கொடுத்தாள், மறுபடி தள்ளிப் பார்த்துவிட்டு, வரிசை முழுக்கக் கேட்கும்படிச் சொன்னாள் —

"இதே மாரி சைக்கிளு எங்க எல்லாருக்கும் ரெண்டு அடியில நிக்கு. ஒங்களுக்கு மூணு கேக்குது. வெயிட்டு போட்டுட்டீயக்கா."

அளவுகோல் கண்டுபிடிக்கப் போனவளுக்கு இதுவும் வேண்டியதுதான்.